இடப்பக்கக் கூண்டு

ஆய்வாளர்: ஏசியத் திறக்காதீங்க. மொதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க.

மெக்கானிக்: இல்ல மேடம்... சத்தம் வருதேன்னு...

ஆய்வாளர்: உங்க காதுக்கு மட்டுந்தான் வருது. இந்த மாசம் நீங்க எட்டிப் பாக்காத சாயங்காலமே இல்ல.

மெக்கானிக்: ஈக்களுக்கு வேர்க்கக் கூடாதுல்ல.

ஆய்வாளர்: ரொம்பத்தான் அக்கறை. இங்க வாங்க. இந்த ரெண்டு கூண்டுலயும் என்ன இருக்குன்னு தெரியுமா?

மெக்கானிக்: பழத்தக் கெடுக்கற ஈ.

ஆய்வாளர்: வலப்பக்கத்து ஆம்பளை ஈக்களுக்குப் பூச்சாறு குடுத்தேன். இடப்பக்கத்துக்கு வெறும் சர்க்கரைத் தண்ணி.

மெக்கானிக்: ஏன் இந்த ஓரவஞ்சனை?

ஆய்வாளர்: பூவுல ஒரு சத்து இருக்கு. அத நக்கித் தின்னா, உடம்புக்குள்ள போய் வாசனையா மாறும். பொழுது சாயறப்ப றெக்கைய அடிச்சு விசிறி விடுவானுங்க. பொண்ணுங்க தேடி வரும்.

மெக்கானிக்: ஆக... பூகிட்ட ஓசி வாங்கின சென்ட்டு.

ஆய்வாளர்: நீங்க போட்டுட்டு வர்ற மாதிரி.

மெக்கானிக்: அது... சோப்பு மேடம்.

ஆய்வாளர்: சரி, சோப்பு. பூ கிடைக்காதவனப் பொண்ணுங்க அவ்வளவா கண்டுக்காது. அதத்தான் நான் நிரூபிக்கணும். ரெண்டு கூண்டுலயும் பொண்ணுங்கள விட்டிருக்கேன், இப்ப இடப்பக்கத்தப் பாருங்க.

மெக்கானிக்: அட... ஜோடி ஜோடியா...

ஆய்வாளர்: சர்க்கரைத் தண்ணி குடிச்சவனுக்கு இவ்வளவு மவுசு எங்கேர்ந்து வந்துச்சு?

மெக்கானிக்: நல்ல பசங்களா இருக்கும்.

ஆய்வாளர்: சிரிக்காதீங்க. இந்தக் கூண்டு கெட்டுச்சுன்னா என் ஆராய்ச்சியே போச்சு. பேராசிரியர் கேட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?

மெக்கானிக்: போயிடுமா... மொத்தமாவா?

ஆய்வாளர்: மொத்தமா.

மெக்கானிக்: மேடம்... அந்தக் கூண்டுக்குப் பின்னாடி பாருங்க.

ஆய்வாளர்: என்ன இருக்கு?

மெக்கானிக்: ஆர்க்கிட் பூ. முந்தாநாள் கொண்டு வந்தேன். பேராசிரியர் திடுதிப்புன்னு உள்ள வந்துட்டாரு. சட்டுன்னு அங்க செருகிட்டேன். வலையில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு போல... இவனுங்க நக்கியிருக்கானுங்க.

ஆய்வாளர்: அவர் போனப்புறம் எடுத்திருக்கலாமே?

மெக்கானிக்: எடுத்தா... குடுக்கணுமே.

ஆய்வாளர்: யாருக்கு?

மெக்கானிக்: பேராசிரியர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். வேலைய விட்டு அனுப்பினாலும் பரவால்ல. உங்க மேல பழி வரக் கூடாது.

ஆய்வாளர்: அது கெடக்கட்டும். யாருக்குக் கொண்டு வந்தீங்க?

மெக்கானிக்: எனக்கு ஈ பத்தியெல்லாம் எதுவும் தெரியாது மேடம், சத்தியமா...

ஆய்வாளர்: யாருக்கு?

மெக்கானிக்: ...உங்களுக்குத்தான். இதுக்கு மேல கேக்காதீங்க.

ஆய்வாளர்: அப்பாடா. பூவ நான் முந்தாநாளே பாத்துட்டேன். பேராசிரியர்கிட்ட சொல்லி, இந்தக் கூண்ட ஆராய்ச்சியிலேர்ந்து தள்ளி வச்சுட்டு, அடுத்த ரூம்ல புதுக் கூண்டும் போட்டாச்சு. பூவ மட்டும் நான் தொடல... நீங்களா எடுத்துக் குடுப்பீங்கன்னு நேத்து நீங்க வந்தப்பவும் உங்க கையையே பாத்துக்கிட்டு இருந்தேன்.