வீடு பழகும் வரை

புறா வளர்க்க ஆரம்பிக்கிறவர்கள் வழக்கமாகச் செய்கிற முதல் தவறைத்தான் நானும் செய்தேன். ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று நினைத்து இரண்டு பெட்டைகளை வாங்கி வந்துவிட்டேன். பார்த்தால் தெரியாது. கோழியென்றால் கொண்டையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். புறாவில் இரண்டும் ஒரே அச்சு. இவை மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டன, ஒரே மூலைக்குக் குச்சி பொறுக்கிச் சேர்த்தன, முறை வைத்து அடைகாத்தன. கூட்டில் நான்கு முட்டை கிடந்ததைப் பார்த்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பெட்டை ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் இடாது என்பது அப்போது தெரியாது. நான்கும் கூமுட்டை.

இங்கே கேம்ப் ஏரியாவில் ஒரு சந்துக்குள் பறவைக் கடை வைத்திருக்கும் வஹாப் ஃபோனில் விழுந்து விழுந்து சிரித்தார். மேலப்பாளையத்துக்காரர். "அண்ணாச்சி, நாலு முட்டைன்னா ரெண்டும் பொட்டைல்லா! ஒண்ணக் கொண்டாங்க, ஆம்பளப் புறா மாத்தித் தாரேன்" என்றார்.

என் மனைவி பவுன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு பொம்பளையாளும் நிம்மதியாத்தான இருக்கு. இருந்துட்டுப் போட்டுமே, எதுக்குப் பிரிக்கிய?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

டாக்டரம்மா, நீங்கள் நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். பவுனின் இருமலுக்குக் காரணம் புறாத் தூசி என்று ரத்தப் பரிசோதனையில் வந்திருக்கிறது என்றீர்கள். படுக்கையறையை ஒட்டிய பால்கனிக் கதவைத் திறந்து பார்த்தீர்கள். அவள் முன்னால் ஒன்றும் பேசாமல் என்னை மட்டும் கீழே பார்க்கிங்குக்கு அழைத்துப் போய், "அங்கிள், நிஜம் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். அங்கே வைத்துச் சொல்ல வேண்டாமே என்றுதான் இன்று உங்கள் கிளினிக்குக்கே வந்துவிட்டேன். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. உங்களிடம் பொய் சொன்னது ஒரே ஒரு தடவைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம். இளவயதில் இந்த மராட்டி ஊருக்கு வந்து, ஒரே கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனிலேயே இருந்து ரிட்டையர் ஆனேன். "மாடசாமி பாஸ் பண்ணிய பார்ட் திரும்பி வராது" என்று மராட்டிக்காரர்களே சொல்வார்கள். ஒரு வேலையை எடுத்தால் அதைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இறங்க மாட்டேன், பாதியில் விடவும் மாட்டேன். பவுனை நான் ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. குரல் உயர்த்திப் பேசினதும் இல்லை. நிக்டியில் எங்கள் கட்டடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஒரே மகள் சந்திரிகா மெல்பர்னில் இருக்கிறாள். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் அம்மாவை அங்கே கூப்பிட்டாள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, மூன்று மாதம் போய்விட்டு வருவது ஊரில் எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் ஒருநாள் பவுன் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "நான் அங்கனயே இருந்துருதேங்க. சந்திரிகா அதுக்கு உள்ள விசாவப் போடுதேன்னு சொல்லுதா. ஒங்களுக்கு அந்தக் குளிரு ஒத்துக்கிடாது. நீங்க இங்கன இருங்க."

நான் கோபப்படவில்லை. சரி என்றேன். காப்பி போட்டுத் தரச் சொன்னேன், போட்டுத் தந்தாள். அவள் அன்று சமையலறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் அவள் பாடிக் கேட்டதில்லை. அது எனக்கு வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரி விசா வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், கடைசியில் மெடிக்கல் எடுப்பார்கள், நெஞ்சு எக்ஸ்ரே உண்டு என்று சந்திரிகா விளக்கினாள். அது நல்ல அவகாசம்.

புறா வாங்கினது அதற்கப்புறம்தான். "நீ போற வரைக்கும் ஒனக்குப் பொழுது போகும், போன பெறகு எனக்குத் துணை" என்று பவுனிடம் சொன்னேன். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். நான் அவளுக்கென்று எதுவும் வாங்கி வருவது அபூர்வம். கூண்டை மொட்டை மாடியில் வைக்கலாமே என்று வஹாப் சொன்னார். பூனை வரும் என்று சொல்லிப் படுக்கையறை பால்கனியிலேயே வைத்தேன். எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டியில் எல்லோரும் புறா உள்ளே வராமலிருக்க பால்கனிக்கு வலை கட்டியிருக்கிறார்கள். நான் கட்டினது புறா வெளியே போகாமலிருக்க. கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஜோடி சேர்ப்பதற்கு வருகிறேன். கூமுட்டை போட்ட இரண்டில் ஒன்றை வஹாபிடம் கொடுத்துவிட்டு ஆண் புறா ஒன்றை வாங்கி வந்தேன். நடுவில் கம்பித் தடுப்பு வைத்த பெட்டியில் இந்தப் பக்கம் ஆண், அந்தப் பக்கம் பெண். பார்த்துக்கொள்ளலாம், தொட முடியாது. பெட்டை முதலில் சீந்தவே இல்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அவசரப்படக் கூடாது. அது தானாக வந்து தடுப்போரமாகப் படுக்க ஆரம்பித்தால் தடுப்பை எடுத்துவிடலாம். வஹாப் ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னார்: "பழைய ஜோடி கண்ணுல படப்படாது அண்ணாச்சி. சத்தங்கூடக் காதுல விழப்படாது. விழுந்துச்சுன்னா இது இதோட சேராது."

இன்னொன்று, புதிதாக வந்த புறாவின் பெரிய சிறகுகளை நூலால் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்சம் இடுக்கு கிடைத்தாலும் பழைய வீட்டுக்கே போய்விடும். எது வரைக்கும் கட்டி வைப்பது என்று கேட்டேன். குஞ்சு பொரிக்கும் வரை என்றார். அப்புறம் அவிழ்த்துவிட்டாலும் அங்கேயே சுற்றிவிட்டு வந்துவிடுமாம். அதை 'வீடு பழகிருச்சு' என்பார்கள். எனக்கு அது புதிய சேதியாகப் படவில்லை. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் பவுன் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று தினமும் அழுவாள். ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அடுத்த தடவை கேட்டபோதும் கிடைக்கவில்லை. சந்திரிகா பிறந்த பிறகு அவளாகவே கேட்பதை விட்டுவிட்டாள்.

இந்தப் பெட்டையும் பழகியது. முட்டை இட்டது, பொரித்தது. சிறகு நூலை மட்டும் நான் அவிழ்க்கவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை கூடி இன்னும் சில ஜோடிகள் வாங்கினேன். ஆரம்பத்தில் ஒரு ஜோடி போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் கேட்கவில்லை, பால்கனி நிறைந்துவிட்டது.

கூண்டைச் சுத்தம் செய்வதில்தான் புதியவர்கள் கோட்டை விடுவார்கள். எச்சம் காய்ந்து பொடியாகிவிடும், புறா சிறகடித்தால் அதன் உடம்பிலிருந்தும் மாவு மாதிரி தூசி கிளம்பும். தண்ணீர் தெளித்து ஊறவைத்துச் சுரண்ட வேண்டும், வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும் என்று வஹாப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் மூடிக்கொள்வேன். தண்ணீர் தெளிப்பதில்லை. காலையில் பவுன் எழுவதற்கு முன் காய்ந்த தரையைத் துடைப்பத்தால் கூட்டிவிடுவேன். அறைக் கதவு திறந்திருக்கும், ஃபேன் ஓடும். கூட்டி முடித்துக் கைகால் கழுவிவிட்டு, அவளுக்கு நானே காப்பி போட்டுக் கொண்டுபோவேன். "ரிட்டையரானாத்தான் மனுசனுக்குப் புத்தி வருது" என்று கிண்டல் செய்வாள்.

இருமல் மழைக்காலத்துக்குப் பிறகு வந்தது. வறட்டு இருமல், சாயங்காலமானால் கணகணவென்று காய்ச்சல். பிறகு மாடி ஏற மூச்சு வாங்கியது. விசா மெடிக்கலில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, நெஞ்சு டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். அப்படித்தான் உங்களிடம் வந்தோம். எங்கள் பெயரைப் பார்த்ததும் நீங்களும் தமிழ் என்று சொன்னீர்கள், பவுனுக்குப் பாதி நோய் அப்போதே போய்விட்டது. உங்கள் தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறும், ஆனால் அன்று கேள்வி தெளிவாகத்தான் இருந்தது. "வீட்டுல பறவை இருக்கா அங்கிள்? கபூதர்... புறா, லவ் பேர்ட்ஸ், எதாவது?"

பவுன் அப்போது எக்ஸ்ரே அறையில் இருந்தாள். இல்லை என்றேன். அதுதான் அந்தப் பொய்.

நீங்கள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். சில நாளிலேயே தேறினாள், தானாக நடந்து கேன்டீன் வரைக்கும் வந்தாள். மருந்து வேலை செய்கிறது என்று நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். மருந்து மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து மறுபடியும் விழுந்தாள். மறுபடியும் சேர்த்தோம், மறுபடியும் தேறினாள். ஒவ்வொரு தடவையும் டிஸ்சார்ஜ் அன்று பால்கனிக் கதவைத் திறந்து வைத்துத்தான் அவளை வரவேற்றேன். அவளும் வந்ததும் குஞ்சுகளைத்தான் முதலில் தேடுவாள்.

சந்திரிகா தினமும் வீடியோவில் வருவாள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தால் பவுனுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். "அம்மையைப் பேச வைக்காத தாயி, மூச்சு முட்டுது" என்று சொன்னேன். "அப்பா, டெக்ஸ்ட் பண்ணவா?" என்றாள். பவுனுக்கு அதெல்லாம் பார்க்க வராது, என் ஃபோனுக்கே போடு, நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுகிறாள், அதுவும் பாதி நாள் பவுன் தூங்கிவிடுகிறாள்.

உங்களுக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கும். இந்த ஆள் தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா என்று. நேற்று உங்கள் முகத்தில் அது தெரிந்தது. தெரியாமல் என்று சொல்லியிருந்தால் நீங்களும் நிம்மதியாகப் போயிருப்பீர்கள்.

பவுன் கொத்தவரங்காய் நறுக்கிய அதே வாரம் எங்கள் சொசைட்டியில் மீட்டிங் நடந்தது. புறாக்களுக்குத் தீனி போடாதீர்கள் என்று செக்ரட்டரி பேசினார். பி விங்கில் ஒரு அம்மாவுக்கு ஜன்னலோரப் புறாக்களால் நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் இல்லாமல் இருக்க முடியவில்லை, மகன் வீட்டுக்குப் பெங்களூர் போக விமானத்தில்கூட ஏற்ற மாட்டேன் என்கிறார்கள் என்றார். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நான் கை தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கித்னா டைம் லகா?" எவ்வளவு காலம் பிடித்தது என்று. நல்ல கேள்வி என்று பக்கத்து நாற்காலிக்காரர் தலையாட்டினார். மீட்டிங் முடிந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே வஹாபின் நம்பரைத் தேடிவிட்டேன். அதுவரை எனக்குப் புறா வளர்க்கும் ஆசை இருந்ததில்லை.

சந்திரிகாவிடம் சொல்ல வேண்டியது உங்கள் கடமை என்றீர்கள், சொல்லுங்கள். போலீஸ் என்றாலும் சரி, வருகிறேன். பவுனிடம் மட்டும் வேண்டாம். அந்தக் குஞ்சுகள் மேல் அவளுக்கு உயிர், தாங்க மாட்டாள். புறாக்களை உடனே அப்புறப்படுத்தச் சொன்னீர்கள். இன்று சாயங்காலமே வஹாப் வண்டி எடுத்து வருகிறார். போன மாத ஸ்கேனைப் பார்த்துவிட்டு, நுரையீரல் நார்நாராகிவிட்டது, இனி எது செய்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது என்று நீங்கள் சொன்னீர்கள் இல்லையா? அன்றே கொடுத்திருக்கலாம். அதற்குப் பிறகு அவை தேவைப்படவில்லை.

இன்று காலை நான் இங்கே கிளம்பும்போது பவுன் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். ஆக்சிஜன் மெஷினிலிருந்து அவள் மூக்குக்கு வருகிற குழாய் பால்கனி வரைக்கும் நன்றாக எட்டும். அந்தக் கூமுட்டைப் பெட்டையை மடியில் வைத்து, தையல் கத்தரியால் சிறகு நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். வலையிலும் ஒரு ஆள் தலை நுழைகிற அளவுக்கு வெட்டியிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "எங்கன போகணுமோ போட்டும்" என்றாள். மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னாள். நான் தடுக்கவில்லை. பெட்டை வெளியே பறந்து எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. பிறகு குஞ்சு கத்தவும் அதே ஓட்டை வழியாகத் திரும்பி வந்துவிட்டது. "பாத்தியா" என்றேன். பவுன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு குழாயைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளை யாரும் கட்டிப் போடவில்லை, டாக்டரம்மா. கடையில் இரண்டு நீளத்தில் குழாய் காட்டினார்கள், பெரியது காலில் தடுக்கும் என்று சின்னதை வாங்கினேன். வாசற்கதவுக்கு இரண்டு எட்டு முன்னால் முடிந்துவிடும். இன்னும் கொஞ்சம் நீளமாக வாங்கித் தாருங்கள் என்று அவள் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.