பீரோ மேல போட்ட பழி

இல்லீங்க டாக்டரம்மா, நான் விழவே இல்ல. அந்தக் கதவ மட்டும் கொஞ்சம் சாத்திடுங்களேன். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கிறது எங்க வீட்டுக்காரரு. அவரு காதுல விழுந்தா வம்பு.

இங்கதான்... ஆ! அங்கயேதான்! மூச்ச இழுத்தா சுருக்குனு குத்துது. தும்மல் வந்தா, சாமி, இப்ப வேணாம், அப்புறமா வரட்டும்னு கெஞ்சுறேன். சிரிச்சாலும் வலிக்குது. நீங்க சிரிக்காதீங்க, எனக்கும் தொத்திக்கும்.

எப்படி வந்துச்சா? பொண்ணுகிட்ட இருமி இருமி வந்துச்சுன்னேன். பையன்கிட்ட பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னேன். இவருகிட்ட பீரோவ நகத்தினேன்னு சொன்னேன். மூணு பேரும் போன்ல பேசிக்கிட்டா என் கதி அவ்ளோதான். பொய்க்கு சாமிகிட்ட மன்னிப்பு கேட்டாச்சு. வாபஸ் மட்டும் வாங்கல. இவரு பாவம், போறப்ப வர்றப்ப அந்தப் பீரோவ முறைச்சிக்கிட்டே இருக்காரு.

என்னது, கட்டுப் போட மாட்டீங்களா? பக்கத்து வீட்டம்மா துணியக் கிழிச்சு இறுக்கிக் கட்டிவிட்டாங்களே... ஓ, இறுக்கினா மூச்சு முழுசா வாங்க முடியாது, சளி கட்டிக்கும். சரி சரி, அவுத்துடுறேன். இருமுறப்ப தலகாணிய நெஞ்சோட அணைச்சுக்கணும். வலிக்குதேன்னு மேலோட்டமா மூச்சு விடாம, அப்பப்ப நல்லா இழுத்து விடணும். மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம். புரியுதுங்க.

எக்ஸ்ரே படத்துல இடது விலா எலும்புல கீறல் தெரியுதா? பீரோ நகத்தினா இப்படி ஆகாதா? நீங்க விடமாட்டீங்க போல.

போன வாரம் டிவியில பந்தாட்டம். கடைசி நிமிஷத்துல இவரு டீம் கோல் போட்டு ஜெயிச்சிடுச்சு. கட்டிப்பிடிக்க வீட்ல வேற ஆளில்ல. வெங்காயக் கூடையோட நான்தான் அந்தப் பக்கமா வந்தேன். அலாக்காத் தூக்கி ஒரு சுத்து சுத்திட்டாரு! வாழ்நாள் பூரா பஸ் ஸ்டியரிங் பிடிச்ச கையாச்சே. மளுக்குனு சத்தம். வெங்காயம்தான் மிதிபட்டுச்சுன்னு நெனச்சேன்.

கல்யாணமான நாள்ல இருந்து என் கையப் பிடிச்சு ரோடு கூடத் தாண்டாத மனுஷன் டாக்டரம்மா. தூக்கினது கோலுக்குத்தான், எனக்கில்ல, தெரியும். இருந்தாலும்... தன்னாலதான் இதுன்னு தெரிஞ்சா இனி கிட்டயே வரமாட்டாரு. அவ்ளோ பயந்த சுபாவம். நீங்களும் பீரோன்னே சொல்லிடுங்க.

ஆற எத்தனை வாரம்? ஆறா? அய்யய்யோ! அவரு டீம் பைனலுக்குப் போயிடுச்சுங்க, வர்ற சனிக்கிழமை.

வலது பக்கம் நல்லாத்தானே இருக்கு? அந்தப் பக்கத்தக் காட்டி நின்னா பரவால்லயா?