தராசை மலைக்கு அனுப்பியவருக்கு

அக்கரப்பத்தனை, செந்நீர்மலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, வெளிக்கள உத்தியோகத்தராக இன்று ஓய்வுபெறும் திருமதி பெற்றீசியா ஜோர்ஜ் அவர்களுக்கு உடன் பணியாற்றுவோர் வாசித்தளிக்கும் மடல்

பனி விலகுமுன், வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வந்து நிற்பவரே! பாதை வழுக்கினும் பணியில் வழுவாதவரே! பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டத் தொடங்கி, பெருமலையை மேற்பார்க்கும் பதவிவரை படிப்படியாய் ஏறியவரே! வெளிக்கள உத்தியோகத்தராகிய கண்டாக்கு என்றால் ஐயா என்றே பழகிய வாய்களைக் ‘கண்டாக்கம்மா’ என்று அழைக்க வைத்த எங்கள் பெருமைக்குரியவரே, வணக்கம்.

மடல் என்றால் குணங்களை வரிசையாக அடுக்கவேண்டும் என்பார்கள். நேரந்தவறாமை, நேர்மை, நெஞ்சுரம் எல்லாம் உங்களிடம் உண்டு. ஆனால் அவற்றை ஓய்வுபெறும் எவருக்கும் எழுதிவிடலாம். உங்களுக்கு மட்டுமே எழுதக்கூடியது ஒன்று இருக்கிறது. அதை எழுதினால் எங்கள் மானமும் கொஞ்சம் போகும். போகட்டும்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு கம்பனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கீழ்ப்பிரிவில் ஓர் ஆள் நாளொன்றுக்குச் சராசரி பதினான்கு கிலோ கொழுந்துதான் எடுக்கிறார். ஓராண்டுக்குள் அது பதினெட்டாகாவிட்டால் அப்பிரிவைக் கைவிட்டுக் காடாக விடுவோம் என்பதே அதன் சாரம். தொண்ணூற்றாறு குடும்பங்களின் வேலை அந்த நான்கு கிலோவில் தொங்கியது. கடிதத்தின் பின்னாலேயே, கொழுந்து வெட்டும் இயந்திரங்கள் பன்னிரண்டும் வந்து இறங்கின.

மூலதனம் வந்துவிட்டது, இனி முன்னேற்றம்தான் என்று நாங்கள் மகிழ்ந்தோம். இயந்திரங்களுக்குச் சந்தனப் பொட்டிட்டுக் கோயிலில் பூசை வைத்தோம். மறுநாள் பங்குச் சுவாமியாரை அழைத்துத் தீர்த்தமும் தெளித்தோம். இரு சமயத்தின் ஆசியையும் பெற்ற அவை, கொழுந்தோடு முத்தல் இலையையும் குச்சியையும் சேர்த்தே வெட்டித் தள்ளின. தொழிற்சாலையில் தேயிலையின் தரம் இறங்கியது. செங்குத்தான மலைகளில் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு கால் ஊன்றவே இடமில்லை. சரிவு குறைந்த மலைகளிலோ கூடைகள் சீக்கிரம் நிறைந்தன. நிறைந்த கூடைகளோடு எல்லோரும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து, முன்னிலும் நீண்ட வரிசையில் நின்றார்கள். ஆறு மாதம் இப்படியே போயிற்று. சராசரி பதினான்கை விட்டு அசையவில்லை.

அந்த வரிசையைக் கவனித்தவர் நீங்கள் ஒருவர்தான். நிறுவைச் சங்கு ஊதினால் எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் சுமந்து வரவேண்டும் என்பது வெள்ளைக்காரத் துரைமார் காலத்து வழக்கம். ஏன் என்று நாங்கள் எவரும் கேட்டதில்லை. நீங்கள் கைக்கடிகாரத்தோடு, கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமியின் குழுவுடன் ஒரு வாரம் மலை ஏறி இறங்கினீர்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமும் ஐம்பது நிமிடமும் சுமப்பதிலும் நிற்பதிலுமே கழிவதைக் கண்டுபிடித்து வந்தீர்கள். அலுவலகக் கூட்டத்தில் நீங்கள் சொன்னது இன்றும் எங்கள் காதில் இருக்கிறது.

“நெலம் இனிமே கூடப்போறதில்லீங்க. ஆளும் கூடப்போறதில்ல, பாதிப்பேரு கொழும்புக்குப் போயிட்டாங்க. மெஷினு வந்து ஆறு மாசம் பாத்தாச்சு. இனிமே மாத்த முடிஞ்சது வேலை செய்யுற விதத்தத்தான். தராச மலைக்கு அனுப்புவோம்.”

எழுந்து மறுத்தவர் வேறெவருமில்லை. இம்மடலை எழுதும் பெரிய கிளாக்கர் சிதம்பரநாதனாகிய நானே. “தராசு நடக்க ஆரம்பிச்சா, நாளைக்கு ஆபீசும் நடக்கணுமாங்க மிஸ்?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து, தோட்ட முகாமையாளரான பெரிய துரைக்கு எழுதிக் கொடுத்தீர்கள்: மீதி ஆறு மாதத்தில் பதினெட்டுக் கிலோ வராவிட்டால், பதவியைத் துறந்து பிள்ளைக் காம்பராவுக்கே திரும்பிவிடுகிறேன் என்று. அதைக் கோப்பில் வைத்தவனும் நானே. வைக்கும்போது, அந்த நாள் சீக்கிரம் வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைக்க இன்று வெட்கமாக இருக்கிறது.

மூன்று கம்புகளைக் கூட்டிக் கட்டி, தராசை அதில் தொங்கவிட்டு, ஒவ்வொரு குழுவிடமும் ஒவ்வொரு நேரத்தில் நிறுவையைக் கொண்டுபோனீர்கள். சரிவு குறைந்த மலைகளுக்கு ஐந்து இயந்திரங்களை வைத்துக்கொண்டு மீதி ஏழையும் திருப்பி அனுப்பினீர்கள். ஏழு நாளுக்கொரு முறை அதே மலைக்குத் திரும்பும் சுற்றும் ஒழுங்குக்கு வந்தது. நாளொன்றுக்கு எண்பத்தைந்து நிமிடம் மிச்சமானபோது, பெரிய துரை அத்தனையையும் கொழுந்துக்கே கேட்டார்.

“நாப்பத்தஞ்சு தோட்டத்துக்குங்க ஐயா. நாப்பது அவங்களுக்கு. களைச்ச கை முத்தலத்தான் கிள்ளும்,” என்றீர்கள். பதவியே நூலில் ஆடிய நேரத்தில் அப்படிச் சொல்ல எங்களில் யாருக்கும் துணிவு இருந்திருக்காது. முதல் வாரத்தின் முடிவில் நாகலெட்சுமி அலுவலக வாசலில் வந்து நின்று, “இன்னைக்குத்தாங்க வெளிச்சம் இருக்கையிலயே மகளுக்குத் தல பின்னிவிட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன்.

ஆறாம் மாதம் சராசரி பத்தொன்பது. கீழ்ப்பிரிவு பிழைத்தது. கடிதம் வந்த அன்று அங்கே நூற்றுப்பத்துப் பேர் கொழுந்தெடுத்தார்கள். இன்று எழுபத்தெட்டுப் பேர்தான். ஆனால் சராசரி இருபத்துநான்கு, மொத்தக் கொழுந்தும் அன்றைவிட அதிகம். அந்த ஐந்து இயந்திரங்களில் மூன்று தேய்ந்து போய்விட்டன. நீங்கள் பழக்கிய விதம் தேயவில்லை. அதன்மேல் ஆண்டுதோறும் புதிது புதிதாக ஏதாவது சேர்ந்துகொண்டே வருகிறது. வலப்பனையிலிருந்தும் நோட்டன் பிரிட்ஜிலிருந்தும் ஆட்கள் வந்து அந்த மூன்று கம்புகளைப் பார்த்துப் போகிறார்கள். ஒரு தோட்டம் நீண்டகாலம் வளர எது வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, நாங்கள் உங்களைக் காட்டியிருக்கிறோம்.

இவ்விழாவைக் காலை பத்து மணிக்கு வைத்திருந்தோம். கடைசி நிறுவை முடியட்டும் என்று மாற்றச் சொன்னீர்கள், மாற்றினோம். வரிசைகள் இல்லாமற்போன பழைய மடுவத்தில்தான் இப்போது கூடியிருக்கிறோம்.

நோயற்ற வாழ்வும் நிறைந்த ஆயுளும் பெற்று, வெளிச்சம் இருக்கையிலேயே வீடு சேரும் மாலைகள் பல காண வாழ்த்துகிறோம். இம்மடலின் சட்டத்துக்குள், பின்புறமாக, நீங்கள் எழுதிக் கொடுத்த அந்தத் தாளையும் வைத்திருக்கிறோம். அதில் கேட்ட பதவி விலகலைப் பதினொரு ஆண்டுகள் தாமதமாக, மனமில்லாமல் ஏற்றுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
செந்நீர்மலைத் தோட்ட அலுவலக, வெளிக்கள, தொழிற்சாலை ஊழியர்களும்
கீழ்ப்பிரிவின் தொண்ணூற்றாறு குடும்பத்தாரும்