எலிகள் தெரியும் உயரம்

அப்பா: ...பயமா? எனக்கா? போம்மா, கொட்டாவிதான் வந்துச்சு.

மகள்: இருங்க, வண்டி இன்னும் நிக்கல. கையக் குடுங்க... என்னப்பா, இப்படிச் சில்லுனு இருக்கு?

அப்பா: உள்ள ஏசிய அப்படி வெச்சிருக்க. பேய்க்கே சளி பிடிக்கும்.

மகள்: விளையாடாதீங்க. நாளைக்குத் தீம் பார்க் மேனேஜர் வர்றார். ‘குழந்தைங்க அழுதா யாரு டிக்கெட் எடுப்பா? பேய் பங்களா முழுக்க லைட்டப் போடு’ன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். லைட்டப் போட்டா நான் கட்டினது பொம்மைக் கடை ஆயிடும். அதுக்குத்தான் முதல் ஆளா உங்கள வண்டியில ஏத்தி உள்ள சுத்த விட்டேன். உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

அப்பா: நல்லா இருக்கு.

மகள்: அம்மா முடி வெட்டிட்டு வந்தப்பவும் இதேதான் சொன்னீங்க. நிமிர்ந்துகூடப் பாக்காம.

அப்பா: சரி... கேளு.

மகள்: முதல் அறையில என்ன பாத்தீங்க?

அப்பா: சாப்பாட்டு மேசை. அதுக்கடியில ஒரு எலி, தொப்பி போட்டுக்கிட்டு. குட்டிக்குக் கரண்டியால ஊட்டுது. அது வாயத் திறப்பேனாங்குது... எங்கயோ பழகின எலி மாதிரியே இருக்கு.

மகள்: எலியா...? சரி, மேசைக்கு மேல?

அப்பா: மேல... தட்டு, டம்ளர்...

மகள்: தலையில்லாத ஒருத்தர் உக்காந்திருப்பாரே?

அப்பா: ஆமாமா, இருந்தார். முகம்தான் ஞாபகம் இல்ல.

மகள்: அப்பா...! தலையே இல்லங்கிறேன்.

அப்பா: ...அதான் ஞாபகம் இல்ல.

மகள்: மாடிப்படி?

அப்பா: அங்கயும் எலிதான். துணி காயப் போட்டிருந்துச்சு. சாக்ஸுல ஒண்ணுக்கு ஜோடியக் காணோம்.

மகள்: தலைவிரிகோலமா ஒரு அம்மா இறங்கி வந்தாங்களே?

அப்பா: அப்படியா? தலை சீவப் போயிருப்பாங்க.

மகள்: ஒண்ணு சொல்லவா? நிமிர்ந்து உக்காந்தா பேய் மட்டும்தான் தெரியும். எலிங்க தெரியாது. வண்டியோட பக்கச் சுவர் மறைச்சிடும். அந்தச் சுவர்லயே கீழ ஒரு குட்டி ஜன்னல் வெச்சிருக்கேன், குழந்தைங்க கண்ணுக்கு நேரா. அது வழியா எலி வீடு. தைரியம் வந்தா பசங்க மேல எட்டிப் பேயப் பாத்துக்கட்டும்...

அப்பா: செருப்பு கழண்டுடுச்சும்மா. எடுக்கக் குனிஞ்சேன்.

மகள்: எல்லா அறையிலயுமா?

அப்பா: பிடிவாதமான செருப்பு.

மகள்: நீங்க போட்டிருக்கிறது ஷூ. நாடா வேற கட்டியிருக்கு.

அப்பா: ...சிரிக்கிறியா?

மகள்: சத்தியமா இல்ல.

அப்பா: பின்ன தோளு ஏன் குலுங்குது? ...சரி, உன் மேனேஜர்கிட்ட சொல்லு. லைட்டு வேண்டாம். அந்த எலி வீட்டுல தீப்பெட்டி அளவுக்கு ஒரு விளக்கு வெச்சிருக்கியே, சுத்தி இருட்டா இருக்கப்போய்த்தான் அது அவ்வளவு அழகா இருந்துச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு வந்துட்டேன்.

மகள்: நிஜமாவா? எனக்காகச் சொல்லலியே?

அப்பா: உனக்காகன்னா மறுபடியும் ‘நல்லா இருக்கு’ன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். எந்தக் குழந்தைய வெச்சும்மா இதெல்லாம் கண்டுபிடிச்ச?

மகள்: குழந்தைய வெச்சு இல்லப்பா... சின்ன வயசுல கரண்ட் போனா, ‘பாப்பா பயப்படும்’னு ஓடி வருவீங்க. கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்து, டார்ச்ச வெச்சுக்கிட்டு, தொப்பி போட்ட எலிக் கதை சொல்வீங்க.

அப்பா: அட... அந்த எலியா இது!

மகள்: எனக்குப் பயமே இருந்ததில்லப்பா. உங்க கைதான் சில்லுனு இருக்கும். அதனாலதான், ‘பயமா இருக்கு, போகாதீங்க’ன்னு சொல்வேன்.

அப்பா: ...தெரியும்மா. கதை பாதியிலயே குறட்டை விடுவ, பயந்த பிள்ளை அப்படியா தூங்கும்? மிச்சக் கதைய நான் எனக்கே சொல்லிக்குவேன்.