ஒஸ்டின் காரின் அடித்தகடு

விடியப்புறம் நாலு மணி. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதி. பங்குனி மாதம்... இரண்டு மாதமாக ஒரு துளி மழை இல்லை. இரண்டு பக்கமும் அறுத்து முடிந்த வயல். எங்கும் ஒரு வெளிச்சம் கிடையாது.

அந்த வீதியில் ஒரு பழைய ஒஸ்டின் கார் வருகிறது. ஓட்டுகிறவர் அப்புத்துரை, என் நண்பன் யோகலிங்கத்தின் சித்தப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டாவளைப் பக்கம் காணி எடுத்துக் குடியேறியவர். வயலும் செய்வார், வாடகைக்குக் காரும் ஓட்டுவார். பரந்தன் ஸ்டேசனில் ஆட்களை இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார். காரில் வேறு யாரும் இல்லை.

டக்.

கொஞ்ச நேரம் கழித்து... டக், டக்.

கல் அடிக்கிறது என்று நினைத்தார். வேகத்தைக் குறைத்தார். கல் என்றால் சத்தமும் குறைய வேண்டும். குறையவில்லை. பிறகு ஒரேயடியாகப் பொழிந்தது. தகரத்தில் மழை பெய்கிற சத்தம். கூரையில் அல்ல... பின்சீற்றின் இடது பக்கம், கால் வைக்கும் இடத்தில்.

காரை நிறுத்தினார். சத்தமும் நின்றது. இறங்கிப் பார்த்தால் வானம் நிறைய வெள்ளி மினுங்குகிறது. காலடியில் புழுதி. பின்கதவைத் திறந்து அடித்தகட்டில் கையை வைத்தார். காய்ந்து கிடந்தது. ஆனால் ஈர விறகு பற்றும்போது ஒரு மணம் வருமே... அது இருந்தது. அதோடு நெய் மணம்.

அந்த மணம் எந்த இடத்துக்கு உரியது என்று அப்புத்துரைக்குத் தெரியும். தகடு எங்கேயிருந்து வந்தது என்பதும் தெரியும். ஊரில் அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

லாம்பை அணைக்க வேண்டாம். தணித்தால் போதும். சொல்கிறேன்.

அந்தக் காரை அவருக்கு விற்றவர் அதில் மீன் ஏற்றியவர். கூடைகளிலிருந்து வடிந்த உப்புத்தண்ணீர் அடித்தகட்டைத் தின்றுவிட்டது. பின்னால் சாக்கைத் தூக்கினால் வீதி ஓடுவது தெரியும். "அப்புத்துரை, உன்ரை காரிலை ஏறினால் நாங்களும் சேர்ந்து ஓடவேணும் போல கிடக்கு," என்று பக்கத்து வளவுக் கதிர்காமநாதன் பகிடி பண்ணுவார்.

அப்புத்துரைக்கு அது பகிடியாக இல்லை. அவருடைய மனைவி பத்மாசனிக்கு முட்டு வருத்தம். மூச்சு இழுக்கத் தொடங்கினால் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டோட வேண்டும். கோடையில் அந்த ஓட்டையால் புழுதி எழும்பிக் காருக்குள் நிறையும். பாதி வழியில் வருத்தம் இரட்டிப்பாகிவிடும். அதனால் காரை எடுக்கும்போது ஒவ்வொரு தரமும் அவர் பின்னால் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

"பத்மா, காலைத் தூக்கி வை."

பத்மாசனி சீற்றின் மேல் காலை மடித்து வைத்து, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொள்வார். ஸ்பிரிங் கிறீச்சிடும். கார் புறப்படும்.

"இதை ஒருக்கா அடைச்சு விடுங்கோவன்," என்று ஒருநாள் கேட்டார். "வருத்தத்திலை சாகாட்டியும் புழுதியிலை செத்துப்போவன்."

கிளிநொச்சியில் தகர வேலை செய்த மரியநேசனிடம் போனார். மரியநேசன் முள்ளிவாய்க்கால் ஆள், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர். சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டு, சத்தம் செத்த இடங்களையெல்லாம் வெண்கட்டியால் வளைத்தார். கடைசியில் இடது பக்கம் முழுவதும் வெள்ளைக் கோடாகிவிட்டது.

"வெட்டி எடுக்கலாம் அண்ணை. போடுறதுக்குத் தகடு எங்கை? கொழும்பிலையும் இல்லையாம், வெளியிலையிருந்து வாறதை நிப்பாட்டிப் போட்டாங்கள். நீங்கள் தகட்டைக் கொண்டு வாங்கோ, மிச்சம் என்ரை வேலை."

குடியேற்றக்காரரின் சுடலையில் ஒரு தகடு இருந்தது. வாய்க்கால் கதவு வேலையில் மிஞ்சிய தடித்த இரும்புத் தகடு. மாரியில் யாராவது செத்தால், நாலு மூலையிலும் நீளக் கம்பு கட்டி, நாலு பேர் அதைச் சிதைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பார்கள், நெருப்பு நன்றாகப் பிடிக்கும்வரை. அது இல்லாமல் வன்னி மாரியில் ஒரு பிணம் எரியாது.

மாசி மாதம் அவர் அதை எடுத்தார். மாரிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அதற்குள் வேறொன்று தேடி வைத்துவிடலாம் என்று நினைத்தார். கம்புகளைக் கழற்றி மரத்தில் சாத்திவிட்டு வந்தார்.

மரியநேசன் தகட்டைத் தட்டிப் பார்த்தார். திரும்பவும் தட்டினார்.

"நல்ல தகடு அண்ணை. நெருப்புப் பட்டிருக்கு. எங்கை கிடந்தது?"

"குசினி அடுப்புக்கு மேலை."

வெட்டி, மடித்து, ஆணி அறைந்து, கீழே தார் பூசிக் கொடுத்தார். அதன் பிறகு ஒரு பொட்டுப் புழுதி உள்ளே வரவில்லை. முதல்நாள் பத்மாசனி இரண்டு காலையும் கீழே நீட்டி வைத்துச் சிரித்தார்.

"காலுக்கு இதமாய்க் கிடக்குதப்பா... சூடாய்."

"எஞ்சின் சூடு," என்றார் அப்புத்துரை. எஞ்சின் முன்னால் இருக்கிறது.

பிறகுதான் அந்தப் பங்குனி விடியப்புறம். அதற்குப் பிறகு வைகாசியில், ஆவணியில்... தனியே போகும்போதெல்லாம் கேட்கும். அவர் வேறு தகடு தேடாமல் இல்லை. வவுனியாவரை தேடினார். கிடைக்கவில்லை.

கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. நாலாம் நாள் பத்மாசனிக்கு மூச்சு இழுத்தது. காரில் ஏற்றினார். வெள்ளம் சில்லின் அச்சுவரை நின்றது. அடித்தகட்டால் ஒரு துளி உள்ளே வரவில்லை. பரந்தன் சந்திக்கு வரும்போது பின்னால் இழுப்புச் சத்தம் நின்றிருந்தது. அப்புத்துரை சந்தியில் காரை மெதுவாகத் திருப்பினார். அதே வேகத்தில் வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

அடுத்த நாள் பின்னேரம் சுடலை. மழை விடவில்லை.

"தகட்டைத் தூக்கிக்கொண்டு வாங்கோடா!" என்று கதிர்காமநாதன் கத்தினார்.

போனவர்கள் நாலு கம்புகளோடு வந்தார்கள்.

"தகட்டைக் காணேல்லை அண்ணை."

"எந்த நாய் கொண்டு போச்சுது? அவன்ரை கை அழுகிப்போகும்."

அப்புத்துரை பக்கத்தில்தான் நின்றார். கார் அறுபது அடி தள்ளி வீதியில் நின்றது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று தரம் மூட்டினார்கள். மூன்று தரமும் அணைந்தது. இருட்டிவிட்டது. வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வேறு விறகோடு வந்தார்கள். அப்போது என்ன பார்த்தார்கள் என்று யோகலிங்கம் சொல்லவில்லை... நானும் கேட்கவில்லை.

அப்புத்துரை அழவில்லை. சாப்பிட்டார், வயலுக்குப் போனார், கேட்டால் பதில் சொன்னார். காரில் மழைச் சத்தமும் இல்லை. அந்த நாளோடு நின்றுவிட்டது. தனியே பரந்தனுக்கும் வீட்டுக்கும் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மரியநேசனிடம் போனார்.

"கழற்று."

"ஏன் அண்ணை, நல்லாத்தானே கிடக்கு?"

அப்புத்துரை சொன்னார். மரியநேசன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஆணிகளை வெட்டினார். மிஞ்சியிருந்த துண்டுகளையும் சேர்த்துப் பொருத்திக் கொடுத்தார். அப்புத்துரை அதைப் பட்டப்பகலில் கொண்டுபோய்ச் சுடலை மரத்தில் சாத்தினார். பார்த்த எல்லாருக்கும் விளங்கிற்று. நாலு கம்புகளையும் எடுத்து வந்து அதில் திரும்பக் கட்டினார்கள். காரில் அந்த ஓட்டை அப்படியே கிடந்தது.

அடுத்த மாரியில் வீரகத்தி என்ற கிழவர் செத்தார். அன்றும் அடைமழை. தகட்டைப் பிடித்த நாலு பேரில் யோகலிங்கம் ஒருவன். நெருப்பு நன்றாகப் பிடித்தது.

மழை தகட்டில் விழுந்து தெறிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. சத்தம் இல்லை. காது அடைத்துவிட்டதோ என்று நினைத்தான். தவளை கத்துவது கேட்கிறது. விறகு வெடிப்பது கேட்கிறது. தலைக்கு மேல் தகட்டில் மட்டும்... ஒன்றுமில்லை.

சத்தம் வீதிப் பக்கமிருந்து வந்தது. கதவெல்லாம் சாத்திய ஒஸ்டினுக்குள்ளிருந்து. தகடே இல்லாத அந்த ஓட்டையில், இரும்பில் மழை கொட்டுகிற சத்தம்.

கம்பு பிடித்த நாலு பேரும் கேட்டார்கள். ஒருவரும் மற்றவரின் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புத்துரை நனைந்துகொண்டே காரடிக்கு நடந்தார். பின்னால் இடது பக்கக் கதவைத் திறந்தார். குனிந்து, எப்போதும் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"பத்மா, காலைத் தூக்கி வை."

காரில் சத்தம் நின்றது. தகட்டில் இன்னும் தொடங்கவில்லை. அந்த இடைவெளியில் ஒன்று கேட்டதாக யோகலிங்கம் சொன்னான். இரண்டு மூச்சு நேரம்தான். பின்சீற்றின் ஸ்பிரிங்... மெதுவாக, ஒரு தரம், கிறீச்சிட்டது.