முப்பத்தைந்தாம் நாள்

மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வரும் படகில், எனக்கு எதிரே ஒரு பெண் மடியில் கூடையோடு இருந்தார். கூடைக்குள் இரண்டு வெள்ளைத் தாரா வாத்துகள். ஒன்று மட்டும் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

"மற்றது ஊமையா ராத்தா?" என்று அவருக்குப் பக்கத்திலிருந்த இளம்பெண் கேட்டார்.

"ஊமை இல்ல தங்கச்சி, சாதி வேற. இந்தச் சாதி கத்தாது, மூச்சுத்தான் விடும். கண்ணைச் சுத்திச் சிவப்புத் தோல் இருக்கு, பாருங்க."

"ஓம், இப்பதான் தெரியுது. எனக்கு ரெண்டும் ஒண்டாத்தான் இருந்தது."

"எனக்கும் அப்பிடித்தான். ஒரே சாதி எண்டு நினைச்சு ஒன்பது முட்டை வாங்கி அடைக்கோழியில வைச்சனான். இருபத்தெட்டாம் நாள் எட்டு முட்டை பொரிச்சிட்டுது. கோழி குஞ்சுகளோட இறங்கிப் போயிட்டுது. மிச்சம் ஒண்டு கூமுட்டை, எறி எண்டார் பிள்ளைகள்ட வாப்பா."

"நீங்கள் எறியேல்லயா?"

"எறியத்தான் எடுத்தனான். ஒருக்காப் பாப்பம் எண்டு போன் லைட்டைப் பிடிச்சன். உள்ளுக்க ஒரு நிழல் அசைஞ்சிது தங்கச்சி! பெட்டியில வைச்சு, மேல பல்பைக் கட்டி, நானே பிரட்டிப் பிரட்டிப் பாத்தன். ஏழு நாள். முப்பத்தஞ்சாம் நாள் ஓட்டுக்குள்ள தட்டுற சத்தம்."

"முப்பத்தஞ்சா!"

"ஓம். இந்தச் சாதிக்கு அவ்வளவு நாள் வேணுமாம். அதுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியாது. தானே ஓட்டை உடைச்சு வந்து என்னைப் பாத்திச்சு. நான் நிலத்தில குந்தியிருந்து அழுதிட்டன்."

படகு இறங்குதுறையில் அணைந்ததும், இளம்பெண் கூடையின் ஒரு பிடியைத் தான் பிடித்துக்கொண்டு, அவரோடு சேர்ந்து மெதுவாக இறங்கினார்.