புகை நிற்காமல் பார்த்துக்கொள்

ஓசூரில் பனி இறங்கிவிட்டால் இஞ்சி தட்டிப் போட்ட டீ இரண்டு டம்ளர் உள்ளே போனால்தான் எனக்குப் பேச்சு வரும். நீங்களும் ஒன்று குடியுங்கள் சார். நாராயணம்மா உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த மனுவில் இருப்பதெல்லாம் சரிதான். அவர் புருஷன் சென்றாயனை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனவன் ஜெபராஜ் என்று எழுதியிருக்கிறார். அது நான்தான்.

சென்றாயன் பக்கத்தில் தளி ஊர்க்காரன். சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் என்னிடம் பத்து வருஷம் சமைத்தான். கான்ட்ராக்ட் கைமாறி எங்களை வெளியே அனுப்பியபோது, ஒரு வல்லரசின் ராணுவ முகாமில் சமையல் வேலை இருப்பதாகத் தெரிந்தது. ஆப்பிரிக்காவில், மழையைக் கண்ணால் பார்க்காத ஒரு நாடு. நான் சூப்பர்வைசர், அவன் பெரிய சமையல்காரன். எந்த நாடு என்றுகூட அவன் கேட்கவில்லை. "நீ போற எடத்துக்கு நானும் வர்றேண்ணா" என்றான்.

அந்த வல்லரசுக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளூர்ப் படைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர்கள். கிணறு தோண்டினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடித்தார்கள். உங்களை நடுவில் விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் எழுதியே கொடுத்தார்கள். அதை நம்பி முந்நூறு பேர் முகாமில் வேலைக்கு வந்தார்கள். வழி காட்ட, பேச்சை மொழிபெயர்க்க, துணி துவைக்க.

நான்காம் வருஷம், அவர்கள் பயிற்சி கொடுத்த அதே படை தன் ஜனாதிபதியைப் பிடித்து உள்ளே வைத்தது. வல்லரசின் தலைநகரில் யாரோ கூடிப் பேசி, அந்த நாடு இனி அவ்வளவு முக்கியமில்லை என்று முடிவு செய்தார்கள். பக்கத்து நாட்டில் வேறு முகாம் தயாராகிவிட்டது.

கிளம்புகிற அன்று காலையில், வேலைக்காரர்கள் பெண்டு பிள்ளைகளோடு முகாம் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டிப்போகும் எண்ணம் யாருக்கும் இல்லை. அது அவர்களுக்குத் தெரியாது. கேப்டன் என்னைக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர், என் மகள் எஸ்லினின் படிப்பைப் பற்றி மறக்காமல் விசாரிப்பார். மதியச் சமையல் நடப்பதுபோல் அடுப்புப் புகை போய்க்கொண்டே இருக்கவேண்டும் என்றார். புகை தெரிந்தால் வாசலில் இருப்பவர்கள் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். நியாயமான யோசனை. முகாமுக்குள்ளேயே இருந்த ஓடுபாதையில் விமானம் ஓடும்போது கூட்டம் உள்ளே புகுந்தால் எத்தனை உயிர் போகும்?

நான் சமையற்கூடத்துக்குப் போனேன். சென்றாயன் ஏதோ கன்னடப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான்.

"பொகை நிக்காம பாத்துக்கோடா. ரெண்டாவது பிளேன்ல நீ வந்துரு."

"அது எப்பண்ணா?"

"மூணு மணிக்கு."

"சரிண்ணா. வாசல்ல புள்ளைங்கல்லாம் பசியோட குந்தினு இருக்குதுங்க. அதுங்களுக்கு ரொட்டி சுட்டுக் குடுத்துட்டு வந்துர்றேன்."

இரண்டாவது விமானம் கிடையாது. எனக்குத் தெரியும். ஆனால் மற்ற ஐந்து சமையல்காரர்களில் யாராக இருந்தாலும் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். இவன் என்னை நம்புவான். நெருக்கடியான நேரத்தில் நம்பிக்கையான ஆளைத்தானே நிறுத்த முடியும்?

பதினொரு மணிக்கு விமானம் மேலே ஏறியது. புகை நேராக எழும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மூன்று மணிக்குப் பிறகு ஏழு முறை போன் செய்திருந்தான். நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? கடைசியாக வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான். "அண்ணா, வெறகு தீந்துபோச்சு. கட்டில ஒடைச்சுப் போட்டு எரிச்சுக்கினு இருக்கறேன். நீ ஒண்ணும் கவலப்படாத." பின்னால் இரும்புக் கதவை இடிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து எதுவும் வரவில்லை.

நாராயணம்மாவிடம், வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே போன் கிடையாது என்று சொன்னேன். மூன்று வருஷமாக, நான் லீவில் வரும்போதெல்லாம் ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் வாசலில் வந்து நிற்பார். "கொரலயாவது கேக்க வையிங்கண்ணா" என்பார். அந்தக் குரல் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. அழிக்கவும் மனம் வரவில்லை. அவருக்குப் போட்டுக் காட்டவும் முடியவில்லை. ராத்திரியில் நான் மட்டும் கேட்பேன்.

கேப்டன் சொன்னபடி செய்தேன் என்று போன தடவை உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன். அது முழுசு இல்லை. அவர் ஆளை நிறுத்தச் சொல்லவில்லை. ஈர விறகை அடைத்துவிட்டு எல்லோரும் வந்துவிடுங்கள், நாம் கிளம்பும்வரை புகைந்தால் போதும் என்றுதான் சொன்னார். அடுப்பு நடுவில் அணைந்துவிட்டால் என்ன செய்வது, ஒரு ஆள் இருந்தால் உறுதியாக இருக்கும் என்று சொன்னவன் நான். அவர் என் தோளைத் தட்டினார். பிறகு, உங்களைப் போன்றவர்கள்தான் எங்களுக்குத் தேவை என்றார்.

புது முகாமில் ஆள் எடுக்கும் பொறுப்பு முழுக்க இப்போது என்னிடம்தான். சென்றாயன் இருந்திருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பான் சார்.